5 அடி 4 அங்குலம்

போன மார்கழியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாறு. வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிற்றூரில் அடிமையாகப் பிறந்த பெண். எஜமானின் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டை ஒட்டிய சாய்ப்பின் கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவே இருந்த பரணில் கிட்டத்தட்ட 7 வருடம் ஒளிந்து கிடந்தவர். எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். என் முறை வந்தது. "எல்லாம் சரிதான், ஆனா அந்த ஏழு வருஷத்தை மட்டும் என்னால அப்படியே நம்ப முடியல. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாங்கன்னு தோணுது" என்றேன். எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, ஒரு தலைவர் தன்னோட ஜெயில் வாசத்தை எழுதினா, கொட்டடி எத்தனை அடின்னு கேட்டா நம்புவே?" அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சந்தேகப்படுவது எங்கள் வீட்டுத் தொழில். அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்த் திண்ணையில் 40 வருடம் உட்கார்ந்து எழுதியவர். "செக்குபந்தி தப்புன்னா பத்திரமே தப்பு" என்பார். செக்குபந்தி என்றால் நிலத்தின் நான்கு எல்லை. நான் இப்போது ஒரு வழக்கறிஞரிடம் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரிபார்க்கிறேன். எவர் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டே பழகிய மனசு. ஆனால் டீச்சர் கேட்ட கேள்வி அந்தப் பழக்கத்தைப் பற்றியது இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. சிறையிலிருந்து தலைவர்கள் எழுதிய எத்தனையோ நினைவுகளைப் படித்திருக்கிறேன். ஒன்றில்கூட நான் டேப்பை எடுத்ததில்லை.

அன்று இரவு எடுத்தேன். ஜேக்கப்ஸ் கணக்கைத் துல்லியமாகவே கொடுத்திருக்கிறார். 9 அடி நீளம், 7 அடி அகலம். உயரமான இடத்தில் கூரை 3 அடி. அங்கிருந்து சரிந்து தரையைத் தொடுகிறது. வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. எங்கள் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். சரிவுக்கு ஒரு பழைய சேலையை ஜன்னல் கம்பியில் 3 அடி உயரத்தில் கட்டி, மறுமுனையைத் தரைக்கு இழுத்து அம்மிக்குழவியை வைத்தேன். உள்ளே போய்ப் படுத்தேன். ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம், மறுபக்கம் புரண்டால் கூரை இடிக்கும் என்று அவர் எழுதியிருப்பார். புரண்டேன், சேலை முகத்தில் விழுந்தது. நம் வீட்டுச் சேலை விலகிக்கொடுக்கும். அவருடைய கூரை பலகை. உட்கார்ந்தால் தலையைக் குனிந்தபடிதான் இருக்க வேண்டும். 40 நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போய் வெளியே வந்தேன். அவருடைய வேதனையைத் தெரிந்துகொண்டேன் என்று இதை வைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, யாரும் என்னைத் தேடி வரப் போவதில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து மறுபடி புத்தகத்தைப் புரட்டியபோது, பின்னிணைப்பில் அந்த எஜமான் கொடுத்த விளம்பரம் கண்ணில் பட்டது. டாக்டர் ஜேம்ஸ் நார்காம், 1835இல் நார்ஃபோக் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் கொடுத்தது. ஓடிப்போன பெண்ணின் அடையாளம்: வயது 21, உயரம் சுமார் 5 அடி 4 அங்குலம், நல்ல கனத்த உடம்பு, அடர்ந்து சுருண்ட கறுப்பு முடி, சரளமாகப் பேசுவாள், தையல் நன்றாகத் தெரியும், நன்றாக உடுத்திப் பழகியவள். பிடித்துக் கொடுப்பவருக்கு 100 டாலர். பெண்ணின் உயரத்தைத் தந்தவர் அவளுடைய எதிரி. கூரையின் உயரத்தைத் தந்தவள் அவள். இரண்டையும் அருகருகே எழுதினேன்: 5 அடி 4 அங்குலம், 3 அடி. பத்திரம் பார்க்கிற கண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கையெழுத்தில்லாத உயில்

ஜேக்கப்ஸ் எப்படி நார்காமின் வீட்டுக்குப் போனார் என்பதை நான் இரண்டு தடவை படித்தேன், தொழில் காரணமாக. அவருடைய முதல் எஜமானி மார்கரெட் ஹார்னிபுளோ, அவருக்கு எழுத்தும் தையலும் கற்றுக்கொடுத்தவர், 1825இல் இறந்தார். தனக்கு விடுதலை எழுதி வைத்திருப்பார் என்று நம்பியிருந்தாள் அந்தச் சிறுமி. உயிலோடு ஓர் ஒட்டுச்சீட்டு வந்தது. அதில் ஹாரியட்டை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு எழுதி வைத்திருந்தது. குழந்தையின் அப்பாதான் நார்காம். அந்த ஒட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. எழுதி வைத்ததாகச் சொல்லப்படும் மார்கரெட்டின் கையெழுத்து அதில் இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு அப்படி ஒரு காகிதம் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புவோம். அங்கே அது செல்லுபடியானது. ஒரு பெண்ணின் சுமார் 27 வருட வாழ்க்கை அதன் மேல் நின்றது.

அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பர்கள் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. சாட்டையால் அடித்துக் கொன்றதை நூறு பேர் பார்த்திருந்தாலும், அந்த நூறு பேரும் கறுப்பர் என்றால் சட்டத்தின் முன் யாருமே பார்க்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய இந்த மாதிரிப் புத்தகங்களை வெறும் சோகக் கதைகளாகப் படிக்கிறவர்கள் தவறவிடும் விஷயம் இது. சாட்சிக் கூண்டில் ஏற விடாதவர்கள் ஊரைச் சுற்றி வந்து அச்சகத்தின் வழியாக ஏறினார்கள். அதனால்தான் பெயர், ஊர், தேதி, தூரம் என்று இத்தனை விவரம். குறுக்கு விசாரணை வரும் என்று தெரிந்தே எழுதியவர்களின் நடை அது.

நம் பக்கத்து ஓலைகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆள் விற்ற ஓலைகளின் அச்சுப் பிரதிகள் சிலவற்றை அப்பா எனக்குக் காட்டியிருக்கிறார். நிலக் கிரயத்துக்கும் அதற்கும் வாசகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விற்கப்பட்டவரோடு அவருடைய பிறக்காத சந்ததியும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். 1843இல் கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் போட்டு, அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அதுவரை எழுதிக் குவித்தவற்றில் என் கண்ணில் பட்டது எதிலும், விற்கப்பட்டவர் தன் வாயால் சொன்ன ஒரு வரி கிடையாது. தன்னையே விற்றுக்கொண்டவர்களின் பெயரில் உள்ளவையும் எழுதினவரின் வழக்கமான வாசகம்தான். 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று அப்பா ஆயிரம் தடவை எழுதிய வார்த்தை எனக்குக் கசந்தது அந்த ஓலைகளைப் பார்த்த அன்றைக்குத்தான்.

முதுகைக் காட்டு

என்னுடைய சந்தேகத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1831இல் லண்டனில் மேரி பிரின்ஸ் என்ற பெண்ணின் வரலாறு வெளிவந்தது. பெர்முடாவில் பிறந்தவர். டர்க்ஸ் தீவின் உப்பளத்தில் விடிவதற்கு முன்னாலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்று உப்பு அள்ளியவர். காலில் வெடித்த புண்கள் சில பேருக்கு எலும்பு வரைக்கும் போயின என்று சொல்கிறார். பிறகு ஆன்டிகுவா, அங்கிருந்து 1828இல் எஜமான் குடும்பத்தோடு லண்டன். அங்கே அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். பிரிட்டனில் நிற்கும் வரை அவரை யாரும் அடிமையாகப் பிடித்துவைக்க முடியாது. ஆன்டிகுவாவில் இருக்கும் கணவனிடம் திரும்பினால் மறுபடி அடிமை. அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல சுசானா ஸ்டிரிக்லேண்ட் எழுதினார். அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் டாமஸ் பிரிங்கிள் பதிப்பித்தார். ஒரே வருடத்தில் மூன்று பதிப்பு.

மூன்றாம் பதிப்பின் பின்னிணைப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. அடியின் தழும்புகள் உண்மையிலேயே உடம்பில் இருக்கின்றனவா என்று பர்மிங்காமிலிருந்து பெண்கள் சங்கம் ஒன்று கேட்டிருக்கிறது. கேட்டவர்கள் விரோதிகள் இல்லை, அடிமை முறையை எதிர்த்தவர்கள்தான். பிரிங்கிளின் மனைவியும் இன்னும் மூன்று பெண்களும் மேரியின் முதுகைப் பார்த்து, ஆமாம் இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அவர் தன் வாயால் சொன்ன அத்தனை பக்கமும் போதவில்லை. ரவிக்கையைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எங்கள் கூடத்தில் சாக்பீஸ் கட்டம் இன்னும் அழியாமல் இருந்தது.

1833இல் புத்தகத்தை முன்வைத்து இரண்டு மானநஷ்ட வழக்குகள் நடந்தன. மேரி பிரின்ஸ் நேரில் வந்து சாட்சி சொன்னார். ஆன்டிகுவாவில் வாயைத் திறக்க முடியாதவர் லண்டன் நீதிமன்றத்தில் நின்றார். அப்போது வேறொன்றும் வெளியே வந்தது. ஒரு கப்பல் கேப்டனோடு தான் பல வருடம் வாழ்ந்ததை ஸ்டிரிக்லேண்டிடம் சொல்லியிருக்கிறார். அச்சில் அது இல்லை. கண்ணியமான குடும்பங்களில் படிக்கிற புத்தகம், அதில் இதெல்லாம் வரலாமா என்று பேனா பிடித்தவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும். அதே வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மேரியின் புத்தகத்துக்கு அதில் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. ஆனால் பிரிட்டனில் ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கை அவள் சொன்னபடி அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அதிலும் கத்தரி விழுந்திருந்தது.

ஃபிரெடெரிக் டக்ளஸுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். மேரிலாந்தில் அடிமையாக இருந்து 1838இல் தப்பி வந்தவர், அடிமை எதிர்ப்பு மேடைகளில் அப்படிப் பேசினார். இத்தனை நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க மாட்டான் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கூட இருந்த வெள்ளைக்கார நண்பர்களே, நீ நடந்ததைச் சொல், அதற்கு அர்த்தம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், கொஞ்சம் தோட்டத்து அடிமையின் பேச்சும் இருக்கட்டும் என்றார்கள். அவர் 1845இல் புத்தகம் எழுதினார். எஜமான்களின் பெயர், ஊர், பண்ணை, யார் யாரை எப்படி அடித்தார்கள், எல்லாம். பெயரைச் சொன்னதால் பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து வந்து, சில மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஏ.சி.சி. தாம்சன் என்பவர் டெலவேர் பத்திரிகையில் எழுதினார். மேரிலாந்தில் அதே வட்டாரத்தில் இருந்தவர். இந்த டக்ளஸை எனக்குத் தெரியும், அப்போது இவன் பெயர் ஃபிரெடெரிக் பெய்லி, படிப்பறிவில்லாத சாதாரணமானவன், இந்தப் புத்தகத்தை எழுதுகிற திறமை இவனுக்குக் கிடையாது. இதில் சொல்லப்படும் பெரிய மனிதர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் தங்கமானவர்கள். இப்படிப் போகிறது கடிதம். டக்ளஸ் 1846 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்திலிருந்து பதில் எழுதினார், நன்றி சொல்லி. நான் அடிமையாகவே இருந்ததில்லை என்று உங்கள் ஆட்கள் இத்தனை நாள் சொல்லிவந்தார்கள். நான் இருந்தேன், இன்ன பெயரில் இருந்தேன், நான் சொன்ன மனிதர்கள் எல்லாம் உண்மையில் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். டப்ளினில் வந்த அடுத்த பதிப்பில் தாம்சனின் கடிதத்தையும் சேர்த்து அச்சிட்டார். எதிர்த்தரப்புச் சாட்சியின் வாயிலிருந்தே தன் வழக்குக்கு வேண்டியதை எடுக்கிற வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் பார்க்காத, அப்போது 28 வயது நிரம்பாத ஒருவர் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார் என்பதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. 1860க்குள் அந்தப் புத்தகம் சுமார் 30,000 பிரதி விற்றது.

இந்தப் பெண் சொல்வது நிஜமா?

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஜேக்கப்ஸிடம் திரும்பினேன். முதல் தடவை படித்தபோது பரண்தான் கண்ணில் நின்றது. இந்தத் தடவை நின்றது 1853.

அவர் 1842இல் கப்பலேறி வடக்கே வந்துவிட்டார். நியூயார்க்கில் வில்லிஸ் என்ற எழுத்தாளர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ராச்செஸ்டர் நகரத்தில் ஏமி போஸ்ட் என்று ஒரு சினேகிதி, குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவின் மரபில் வந்தவர். அவர் ஒருவரிடம்தான் ஜேக்கப்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் என்றால் சொல்லவே கூசுகிறதையும். நார்காம் அவரை ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்டிக் குடிவைக்கத் திட்டம் போட்டபோது, 16 வயதை ஒட்டிய அந்தப் பெண் வேறொரு வெள்ளைக்கார வழக்கறிஞரைத் தானே தேர்ந்தெடுத்தாள். அவருக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இதை எழுது என்று ஏமி போஸ்ட் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். எழுதத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில் அடிமை முறையைச் சாடும் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'டாம் மாமாவின் குடிசை' நாவல் வந்து, முதல் வருடத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி போனது. பெரிய எழுத்தாளர், நல்ல நோக்கம் உள்ளவர். அவரிடமே தன் கதையைக் கொடுத்துவிடலாம் என்று ஜேக்கப்ஸ் நினைத்தார். ஏமி போஸ்ட் கதையைச் சுருக்கி ஸ்டோவுக்கு எழுதினார். ஸ்டோவ் இங்கிலாந்து போகப் போகிறார் என்று தெரிந்ததும், ஜேக்கப்ஸின் மகள் லூயிசாவைக் கூட அனுப்பி வைக்கவா என்றும் கேட்டுப் பார்த்தார்கள்.

ஸ்டோவின் பதில் ஜேக்கப்ஸுக்கு வரவில்லை. அவர் வேலை பார்த்த வீட்டு அம்மாள் கார்னீலியா வில்லிஸுக்கு வந்தது. லூயிசாவை அழைத்துப்போக முடியாது. அங்கே எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் பெண் கெட்டுப்போவாள். கூடவே ஏமி போஸ்ட் அந்தரங்கமாக எழுதிய கடிதத்தையும் இணைத்து, இது நிஜமா, நிஜமென்றால் என் ஆதாரத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று விசாரிப்பு. நாவல் பொய் என்று தெற்கே கூச்சல் போட்டதால், அது உண்மை என்று நிறுவ அவர் அப்போது ஒரு தனிப் புத்தகமே தொகுத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது.

கார்னீலியா நல்லவர். 1852இல் 300 டாலர் கொடுத்து ஜேக்கப்ஸை விடுவித்தவரே அவர்தான். ஆனால் பிள்ளைகளின் தகப்பன் யார் என்பதை ஜேக்கப்ஸ் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் தன் எஜமானியம்மாவிடம் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்ததை, ஊர் அறிந்த ஓர் எழுத்தாளர், சரிபார்க்கும் சாக்கில் தபாலில் போட்டு அனுப்பிவிட்டார். அந்தக் காகிதம் அந்த அம்மாளின் கையில் இருந்த நிமிடத்தை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஜேக்கப்ஸ் எங்கே நின்றிருப்பார்? தொட்டிலுக்குப் பக்கத்திலா, சமையல்கட்டிலா? அம்மாள் எப்படிக் கூப்பிட்டிருப்பார்? அதன் பிறகு நடந்தது தெரியும். வேண்டுமானால் சில தகவல் தருகிறோம், ஆனால் என் கதையை நானே முழுசாக எழுத விரும்புகிறேன் என்று எழுதிப் போட்டார்கள். ஸ்டோவிடமிருந்து பதிலே இல்லை.

அந்த 1853 கோடையில் நியூயார்க்கின் பெரிய தினசரி ஒன்றில், ஓடிவந்த அடிமை ஒருத்தியின் கடிதம் என்று பெயர் போடாமல் ஒன்று வந்தது. முன்னாள் ஜனாதிபதி டைலரின் மனைவி, எங்கள் அடிமைகள் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்கிற தோரணையில் எழுதியதற்கு மறுப்பு. ஜேக்கப்ஸ் அச்சில் எழுதிய முதல் எழுத்து அது. அதன் பிறகு நிறுத்தவில்லை. பகலெல்லாம் பிள்ளைகளோடு, எல்லாரும் தூங்கிய பிறகு மாடியில் எழுத்து. வீட்டுக்கார எழுத்தாளருக்குத் தெரியாமல். அடிமை முறை விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் என்பதில் ஜேக்கப்ஸுக்கு நம்பிக்கை இல்லை. வருடக் கணக்கில் ஆயிற்று. மேரி பிரின்ஸின் புத்தகத்தில் கத்தரி விழுந்த இடம் எதுவோ, அதே இடத்தை ஜேக்கப்ஸ் தன் கையால் எழுதினார். படிக்கிற நல்ல குடும்பத்துப் பெண்களை நேரே பார்த்துச் சொன்னார்: சட்டம் உங்கள் கற்பைக் காக்கிறது, என்னுடையதைக் காக்கவில்லை, என்னை உங்கள் முழக்கோலால் அளக்காதீர்கள். வார்த்தை என்னுடையது, கருத்து அவருடையது. முழக்கோல் என்று என் வாயிலேயே வருகிறது பாருங்கள்.

பதிப்பாளர் கிடைப்பதும் லேசாக இல்லை. ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டு நொடித்துப்போனது. அடுத்தது, பெயர் பெற்ற ஒருவர் முன்னுரை எழுதினால் போடுகிறோம் என்றது. லிடியா மரியா சைல்ட் முன்வந்தார், பதிப்பித்தும் கொடுத்தார். அந்த நிறுவனமும் திவாலானது. ஜேக்கப்ஸ் அச்சுத் தகடுகளைத் தானே விலைகொடுத்து வாங்கி, 1861 ஆரம்பத்தில் வெளியிட்டார். லிண்டா பிரென்ட் என்பது புத்தகத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். தலைப்புப் பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்றே சொல்: 'அவளே எழுதியது' என்று. அடிமைப் பெண்ணாக விற்கவும் வாங்கவும்பட்டவர், தன் புத்தகத்தின் தகடுகளுக்குக் கிரயம் கொடுத்துச் சொந்தக்காரர் ஆனார். தன்னை மீட்ட அந்த 300 டாலர் விற்பனைச் சீட்டைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தில் சந்தோஷத்தைவிட அவமானமே அதிகம். நான் விற்கப்பட்டேன், அதுவும் சுதந்திர நகரமான நியூயார்க்கில். அந்தச் சீட்டு பதிவில் இருக்கட்டும், பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்கிறார்.

ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. டக்ளஸின் புத்தகம் கிளப்பிய சலசலப்பு இதற்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு மறந்தே போனார்கள். 20ஆம் நூற்றாண்டில் இதைக் கையில் எடுத்த அறிஞர்கள், சைல்ட் எழுதிய கதை என்றே முடிவு கட்டினார்கள். அடிமைகளின் வாழ்க்கையை அவர்கள் பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று பாடுபட்ட ஜான் பிளாசிங்கேம் என்ற வரலாற்றாசிரியரே 1972இல் இதை நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். கோர்வை அதிகமாம், நாடகத்தனமாம். கிட்டத்தட்ட நான் வட்டத்தில் சொன்னதுதான். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற பேராசிரியர், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஏமி போஸ்டின் காகிதங்களில் ஜேக்கப்ஸின் கடிதங்களைப் படித்து, அந்தக் கையும் இந்தப் புத்தகமும் ஒன்று என்று 1981இல் காட்டினார். பிறகு ஈடன்டனின் பதிவேடுகளைப் புரட்டி ஒவ்வொரு புனைபெயருக்கும் அசல் பெயரை எடுத்தார். டாக்டர் ஃபிளின்ட், நார்காம் ஆனார். உயில் கிடைத்தது, ஒட்டுச்சீட்டு கிடைத்தது, விளம்பரம் கிடைத்தது. 1987இல் அந்தப் பதிப்பு வந்தது. ஜேக்கப்ஸ் இறந்து 90 வருடம் ஆகியிருந்தது.

இருமல்

தை பிறந்து நடந்த அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். போன தடவை சொன்னது தப்பு என்றேன். கட்டம் போட்டதைச் சொன்னேன், விளம்பரத்தில் இருந்த உயரத்தைச் சொன்னேன், யெல்லினின் உழைப்பைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர், "இப்ப நம்பறதுக்கு இவ்வளவும் வேண்டியிருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதுதான் நிஜம்.

அவர் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். தாய் வடக்கே கிளம்புகிற சமயத்தில், பரணிலிருந்து இறங்கி வந்து மகனைப் பார்க்கிற இடம். இத்தனை வருடம் பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் துளைப்பான் ஒன்றைத் தற்செயலாகக் கண்டெடுத்து, பலகையில் வரிசையாகத் துளை போட்டு, ஓர் அங்குல ஓட்டை வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வடக்கே ஓடிவிட்டாள் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. நான் மேலே இருந்தது உனக்குத் தெரியுமா என்ற மாதிரி தாய் வியந்து நிற்க, பையன் சொல்வதை டீச்சர் அங்கேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனார். கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை, புத்தகத்தைப் பார்க்கவும் இல்லை.

தங்கச்சி வெளியூர் போறதுக்கு முன்னால ஒரு நாள் இறவாரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்தேம்மா. மேல யாரோ இருமினாங்க. அது நீதான்னு எனக்கு ஏன் தோணுச்சுன்னு தெரியல, தோணுச்சு.

பையன் யாரிடமும் கேட்கவில்லை. பாட்டியிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகள் விளையாட வந்து வீட்டின் அந்தப் பக்கம் போனால், ஏதாவது சொல்லி அவர்களை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவானாம், இருமல் அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று.